இடுப்பில் ஒரு துப்பாக்கி: ரிவால்வரா, பிஸ்டலா?

போன மாதம் அம்பத்தூரில் ஒரு வங்கியில் டி.டி. எடுக்க வரிசையில் நின்றிருந்தேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி பெரியவர் பழைய ராணுவக்காரர். கையில் அவர் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி. வரிசை நகர்வதாக இல்லை, பேச்சுக் கொடுத்தேன். "இவ்வளவு பெரிசை ஏன் சார் நாள் பூரா தூக்கிக்கிட்டு இருக்கீங்க? சினிமாவுல வர்ற மாதிரி இடுப்புல சின்னதா ஒண்ணு சொருகிக்கலாமே?"

அவர் சிரித்தார். "தம்பி, இது கடைக்குப் போயி செருப்பு வாங்குற மாதிரி இல்ல. இடுப்புல எதைச் சொருகலாம்னு நாம முடிவு பண்றதே கிடையாது. அதை சர்க்கார் எப்பவோ முடிவு பண்ணி வச்சிருச்சு" என்றார்.

அந்த 'எப்பவோ' எப்போது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. (துப்பாக்கி வாங்கும் ஆசையில் அல்ல! சட்டப்படி அதற்கு 21 வயது ஆக வேண்டும், எனக்கு இன்னும் ஆகவில்லை.)

முதலில் கேள்வியைச் சரியாகப் போட்டுக் கொள்வோம். அமெரிக்காவில் ஒருவர் மறைத்து எடுத்துச் செல்லக் கைத்துப்பாக்கி வாங்கப் போனால் அவர் முன்னால் நூறு மாடல்கள் இருக்கும். ஒன்பது மில்லிமீட்டரா, பாயிண்ட் 380-ஆ, எந்தக் கம்பெனி, எத்தனை தோட்டா கொள்ளும் என்று மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். நம் ஊரில் உரிமம் வாங்கிய ஒருவருக்கு நெடுங்காலமாக இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். கான்பூரில் செய்த .32 ரிவால்வரா, அல்லது அரசுத் தொழிற்சாலையின் இன்னொரு தயாரிப்பான 'அஷானி' என்கிற .32 பிஸ்டலா? இரண்டுமே .32. ஏன் இரண்டுமே .32? கதை இந்த எண்ணில்தான் இருக்கிறது.

.32 என்றால் குழலின் விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு, அதாவது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். இதில் ஒரு வேடிக்கை, ரிவால்வரின் .32 தோட்டாவும் பிஸ்டலின் .32 தோட்டாவும் வேறு வேறு! ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் அகலமான விளிம்பு இருக்கும். பிஸ்டல் தோட்டா குட்டையானது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றை வாங்கி இன்னொன்றில் போட முடியாது.

இனி பழைய கதைக்கு வருவோம்.

1857-ல் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயருக்கு ஒரு பயம் போகவே இல்லை. இந்தியன் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்ற பயம். 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. (தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே லிட்டன், அதே 1878. எழுத்தையும் துப்பாக்கியையும் ஒரே ஆண்டில் பூட்டிய மனிதர்!) உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம், ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்கு. நம் ஆட்களில் சில ஜமீன்களுக்கும், குடகு நாட்டுக்காரர்களுக்கும் விலக்கு கிடைத்தது. குடகு மக்களுக்கான விலக்கு இன்றும் தொடர்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சட்டம் வந்து இருபது ஆண்டுகளில் துப்பாக்கி உலகமே மாறிவிட்டது. அதுவரை கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர்தான். சுழலும் உருளையில் ஆறு குழி, ஆறு தோட்டா. நம்பகமானது, ஆனால் தடிமனானது. வேட்டி கட்டியவன் இடுப்பில் வைத்தால் ஊருக்கே தெரியும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் தட்டையான பிஸ்டல் ஒன்றை வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனிக்குக் கொடுத்தார். 1900-ம் ஆண்டு மாடல் என்று அதற்குப் பெயர். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் போய்விட்டன, உருளை காணாமல் போனது. ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டா தானே ஏறும். கோட்டுப் பைக்குள் அடங்கும். அதற்காக அவர் உருவாக்கிய தோட்டாதான் மேலே சொன்ன குட்டை .32.

இந்தச் சின்ன இயந்திரம் செய்த வேலை கொஞ்சமா? 1909-ல் லண்டனில் இருந்த சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை ஒருவர் மூலம் இந்தியாவுக்கு ரகசியமாக அனுப்பினார். அவற்றில் ஒன்றால் அந்த ஆண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். அடுத்தது நம் மண்ணில். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் சந்திப்பு. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுடுகிறார். பின்பு நடைமேடையில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, அதே பிஸ்டலை வாயில் வைத்துச் சுட்டுக் கொள்கிறார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

சட்டப்படி வாஞ்சிநாதனால் அப்படி ஒன்றை எந்தக் கடையிலும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி இருந்தது. 1910-ல் அங்கே வந்து சேர்ந்திருந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கிக் கொண்டிருந்தார். 33 ஆண்டுகளாக அமலில் இருந்த ஆயுதச் சட்டத்துக்கு ஒரு எல்லைக் கோட்டைத் தாண்டத் தெரியவில்லை!

இன்னொரு தற்செயல். ஆஷ் கொலை நடந்த அதே 1911-ல், ஆகஸ்ட் 31 அன்று, நியூயார்க்கில் சல்லிவன் சட்டம் அமலுக்கு வந்தது. மறைத்து வைக்கக் கூடிய அளவில் உள்ள துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது அந்தச் சட்டம். உலகின் இரண்டு மூலைகளில், ஒரே ஆண்டில், ஒரே பொருளைப் பற்றி இரண்டு அரசுகளுக்குக் கவலை.

1928-ல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்தியது .32 கோல்ட் பிஸ்டல். அதுவும் பிரௌனிங்கின் வடிவமைப்பே. 1948-ல் காந்தியைக் கொன்றது இத்தாலியின் பெரெட்டா, அதுவும் பைக்குள் அடங்கும் ரகம். 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்தியது பிரௌனிங்கின் 1910 மாடல். தற்காப்புக்கென்று கடையில் விற்ற பொருள் இது. ஆனால் சரித்திரத்தில் அது யாரையாவது காப்பாற்றிய பக்கத்தைத் தேடினால் எளிதில் கிடைக்காது, கொன்ற பக்கங்கள் மட்டும் தடுக்கி விழும் இடமெல்லாம் இருக்கின்றன. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

சரி, .32-க்குத் திரும்புவோம். ஆங்கிலேயருக்குத் துப்பாக்கியைவிடத் தோட்டாவைப் பற்றித்தான் அதிகக் கவலை. துப்பாக்கி திருடு போனால் ஒன்று போகும், கணக்கில் தெரியும். தோட்டா திருடு போனால் யாருக்குத் தெரியும்? ராணுவக் கிடங்கிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகக் கசியும் தோட்டா வெளியில் இருக்கும் துப்பாக்கிகளில் பொருந்தக் கூடாது. அதற்கு ஒரே வழி, ராணுவம் எந்த அளவைப் பயன்படுத்துகிறதோ அந்த அளவு பொதுமக்களிடம் இருக்கவே கூடாது. 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் துப்பாக்கிகளைத் தடை செய்தார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? .470, .465, .475 என்று புதிது புதிதாக வேட்டைத் துப்பாக்கி அளவுகளைக் கண்டுபிடித்தன. இன்று ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் பேர் போன .470 பிறந்தது இந்தியாவில் போட்ட ஒரு தடையால்!

வெள்ளைக்காரன் போனான், தர்க்கம் போகவில்லை. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் நிறைவேறி, விதிகளோடு 1962-ல் அமலுக்கு வந்தது. அந்த 1962 விதிகளின் அட்டவணையைப் படித்துப் பார்த்தேன். .380 அல்லது .455 விளிம்புத் தோட்டா, ராணுவ 9 மில்லிமீட்டர் தோட்டா, .45 விளிம்பில்லாத் தோட்டா, இவற்றில் எதைப் போட்டுச் சுட முடிந்தாலும் அந்தக் கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகை. .455 முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் ரிவால்வர். .380 இரண்டாம் போரின் ரிவால்வர். .45 அமெரிக்க ராணுவ பிஸ்டல். 9 மில்லிமீட்டர் இன்றும் நம் ராணுவமும் போலீசும் வைத்திருப்பது. ராணுவம் தொட்டதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? .32, .25, .22 என்று சின்ன அளவுகள். அதில் கொஞ்சமாவது வலுவுள்ளது .32. யாரும் ஆராய்ச்சி செய்து இந்தியனுக்கு ஏற்றது இதுதான் என்று தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாம் போக மிஞ்சியது அது. காவலாளிப் பெரியவர் சொன்னது இதைத்தான்.

கான்பூர் ரிவால்வரின் பிறப்பும் இப்படித்தான். அது அடிப்படையில் பிரிட்டிஷ் வெப்லியின் .38 ரிவால்வர். அதே உடம்பு, அதே மாதிரி நடுவில் மடங்கித் திறக்கும் அமைப்பு, குழல் மட்டும் .32 ஆக்கப்பட்டது. பெரிய அண்ணனின் சட்டையைத் தைத்துச் சுருக்கித் தம்பிக்குப் போட்ட கதை.

1980-களின் நடுவில் பொதுமக்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வந்த பழைய வால்தர், வெப்லி எல்லாம் உரிமம் உள்ளவர்களிடையே கைமாறிக் கைமாறிப் பல லட்சத்துக்குப் போகின்றன. வெளிநாட்டில் பழைய இரும்புக் கடை விலைக்குக் கிடைக்கும் ஒன்று இங்கே கார் விலை!

இப்போது என் வீட்டுப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலை போகும் சாலையில் ராமாபுரம் தாண்டும்போது ராமாவரம் தோட்டம் வரும். 1967 ஜனவரி 12, மாலை. 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தின் தயாரிப்பாளர் வாசுவும் நடிகவேள் எம்.ஆர்.ராதாவும் எம்.ஜி.ஆரைப் பார்க்க வருகிறார்கள். பேச்சு நடக்கிறது. திடீரென்று குண்டுச் சத்தம். எம்.ஜி.ஆருக்குக் காதுக்குப் பக்கத்தில் குண்டு பாய்கிறது. ராதாவின் உடம்பிலும் குண்டுக் காயங்கள். இரண்டு பேரையும் முதலில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும், பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போகிறார்கள்.

அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு படுத்திருக்கும் எம்.ஜி.ஆரின் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ராதாதான் எம்.ஜி.ஆரைச் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக் கொண்டார் என்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் முடிவு செய்து 7 ஆண்டு தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எம்.ஜி.ஆரின் பழைய குரல் மட்டும் திரும்பி வரவே இல்லை. எங்கள் தாத்தாவுக்கு 1967-க்கு முந்தைய படமா பிந்தைய படமா என்பதைக் கண்ணை மூடிக் கொண்டே சொல்லத் தெரியும்.

அவ்வளவு அருகிலிருந்து சுட்டும் இருவரும் எப்படிப் பிழைத்தார்கள்? அந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் விளக்கம் இது. தோட்டாக்கள் பல ஆண்டுப் பழையவை. மேசை இழுப்பறையில் சும்மா போட்டு வைக்கப்பட்டிருந்தவை. இழுப்பறையைத் திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உருண்டு, ஈயக் குண்டு அதன் கூட்டில் பிடிப்பு இழந்துவிட்டது. பிடிப்பு போனால் மருந்து எரியும்போது போதுமான அழுத்தம் சேராது, குண்டு வேகம் குறையும். தமிழ்நாட்டின் சரித்திரம் ஒரு மேசை இழுப்பறையில் கொஞ்ச காலம் உருண்டு கொண்டிருந்தது என்று நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

ரிவால்வரா பிஸ்டலா என்ற கேள்விக்கு நம் ஊரில் பதில் சொல்ல வேண்டும் என்றால், இந்த இழுப்பறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். விலையும் அதிகம். பயிற்சிக்கென்று அள்ளி அள்ளிச் சுட யாருக்கும் வசதி கிடையாது. வாங்கியது அப்படியே அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சென்னைப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ஆக, நெருக்கடி வரும் நாளில் கையில் இருப்பது பழைய தோட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய தோட்டா பிஸ்டலில் வெடிக்காமல் போனால் மேல்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுத்து அதை வெளியே தள்ள வேண்டும். அரைகுறையாக வெடித்தால் அதன் வேகம் அடுத்த தோட்டாவை ஏற்றப் போதாமல் நடுவிலேயே சிக்கிக் கொள்ளும். பழகாத கை, பதற்றம், இருட்டு... அவ்வளவுதான். ரிவால்வரில் வெடிக்கவில்லை என்றால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். சுருள்வில் தளர்ந்து போக மேகஸினும் கிடையாது. மறுபக்கம், பிஸ்டல் தட்டையானது, சட்டைக்குள் தெரியாது, இரண்டு தோட்டா கூடக் கொள்ளும். ரிவால்வரின் உருளை வயிறு புடைத்த மாதிரி வெளியே துருத்தும். நிறையப் பழகுகிறவனுக்குப் பிஸ்டல், எப்போதோ ஒரு முறை தொடுகிறவனுக்கு ரிவால்வர். நம் சட்டமும் சந்தையும் எல்லோரையும் இரண்டாவது வகை ஆளாகவே வைத்திருந்தன. அதனால்தான் உலகமே பிஸ்டலுக்குப் போன பிறகும் இங்கே ரிவால்வர் சாகாமல் இருக்கிறது.

2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி 'நிர்பீக்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கான ரிவால்வர் என்று விளம்பரம். டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம் எடை, கைப்பையில் அடங்கும். அதுவும் .32. விலை ஒரு லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம்! இரவு ஷிஃப்ட் முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும் அக்காக்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்? பஸ் ஸ்டாண்டில் நாலு விளக்கு போட்டால் அதைவிட உபயோகம் என்று என் அம்மா சொன்னார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 2023 ஆகஸ்டில் அதே இடத்திலிருந்து 'பிரபல்' வந்தது, 700 கிராம், ஏறக்குறைய 50 மீட்டர் தூரம் சுடும் என்றார்கள். இதற்கிடையில் 2020-ல் சாட்சாத் வெப்லி கம்பெனியே ஒரு லக்னோ நிறுவனத்தோடு சேர்ந்து உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் .32 ரிவால்வர் செய்ய வந்துவிட்டது. எண் மட்டும் மாறவே இல்லை, கவனித்தீர்களா?

உத்தரப் பிரதேசத்தைச் சொன்னதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. உள்துறை அமைச்சகத்தின் 2016 இறுதிக் கணக்குப்படி நாட்டில் இருந்த சுமார் 33.69 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சம் அந்த ஒரு மாநிலத்தில். தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம்தான். அங்கே தோளில் துப்பாக்கி என்பது கல்யாணத்தில் காட்டும் கௌரவம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தபோது அங்கெல்லாம் முணுமுணுப்பு எழுந்தது. நம் பக்கம் அப்படி ஒரு சட்டம் வந்ததே பலருக்குத் தெரியாது.

மறைத்து எடுத்துச் செல்வது பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அமெரிக்காவில் அதற்குத் தனி அனுமதி உண்டா இல்லையா என்று மாநிலத்துக்கு மாநிலம் சண்டை. நூறாண்டுக்கு மேல் நீடித்த நியூயார்க் முறையில் 'தக்க காரணம் காட்ட வேண்டும்' என்றிருந்த நிபந்தனையை 2022 ஜூனில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் 2016 ஆயுத விதிகளோ தலைகீழாகச் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டு போனால் உறையில் போட்டு முழுவதும் மூடியே கொண்டு போக வேண்டும், வெளியே எடுத்துக் காட்டக் கூடாது. மறைப்பது அங்கே சலுகை, இங்கே கட்டளை!

இன்னொன்றையும் யோசித்தேன். ஆவடியில் 1965-லிருந்து டாங்கி செய்கிறோம். விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். படை உடைத் தொழிற்சாலையில் குண்டு துளைக்காத சட்டை தைக்கிறார்கள். திருச்சித் தொழிற்சாலை 1966-லிருந்து இயங்குகிறது, ரைபிள்கள் செய்கிறது. 2021 அக்டோபரில் எல்லாவற்றையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது டாங்கிக் கம்பெனிக்குத் தலைமையிடம் ஆவடி, துப்பாக்கிக் கம்பெனிக்குக் கான்பூர் என்று ஆனது. ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள அர்ஜுன் செய்யும் ஊரில், அரைக் கிலோ நிர்பீக் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்த ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை.

போன வாரம் மறுபடி அதே வங்கிக்குப் போனேன். பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். இழுப்பறைக் கதை வந்ததும் ஸ்டூலிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இதுல ஒரு வேட்டுகூட நான் சுட்டதில்ல தம்பி. ஆனா தோட்டாவை மட்டும் அப்பப்ப எடுத்து வெயில் படாம தொடச்சு வைப்பேன். பழசாயிட்டா மாத்திருவேன்."

"எதுக்கு சார், சுடவே போறதில்லையே?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.